ஏறுவதா, வேண்டாமா?

இத்தாலி தேசத்துப் பிளாரென்ஸ் நகரத்துக்குப் போகிறவர்களுக்கெல்லாம் ஒரு தர்மசங்கடம் காத்திருக்கிறது. ஊரின் நடுவே சாந்தா மரியா தெல் ஃபியோரே என்ற பெரிய மாதா கோயில். அதன் தலைமேல் செக்கச் செவேலென்று ஓடு வேய்ந்த ஒரு மகா கும்மட்டம். அதன் உச்சிக்குப் போக 463 படிகள். லிப்ட் கிடையாது. ஏறுவதா, வேண்டாமா?

"இதென்ன பிரமாதம்! திருச்சி மலைக்கோட்டையில் இல்லாத படியா?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் மலைக்கோட்டையில் மூச்சு வாங்கினால் ஓரமாக உட்காரலாம். 'போதும்' என்று தோன்றினால் பாதியில் திரும்பி விடலாம். இங்கே பல இடங்களில் வழி ஓர் ஆள் அகலந்தான். பின்னால் ஜனங்கள் வரிசையாக ஏறி வந்துகொண்டே இருப்பார்கள். இருதயக் கோளாறு உள்ளவர்கள், தலைசுற்றல்காரர்கள், அடைசலான இடத்தில் பயப்படுகிறவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் ஏற வேண்டாம் என்று கோயில் நிர்வாகமே எச்சரிக்கிறது. போதாக்குறைக்கு, நாளும் மணியும் குறித்து முன்கூட்டியே டிக்கட் வாங்கியாக வேண்டும். கூட்டம் அதிகமான மாதங்களில் சில நாட்களுக்கு முன்பே விற்றுத் தீர்ந்துவிடும். ஆகவே இந்தத் தீர்மானத்தைக் கோயில் வாசலில் நின்று செய்ய முடியாது. சென்னையில் நம் வீட்டுக் கூடத்திலேயே செய்துவிட வேண்டும்.

சென்ற ஆண்டு அம்மாவை அழைத்துக்கொண்டு போனபோது, நான் அப்படித்தான் செய்தேன். அம்மாவுக்கு வயது அறுபத்தாறு. முழங்கால் வலி. எனக்குக் கும்மட்டத்துக்கு ஒரு டிக்கட்; அம்மாவுக்குக் கோயிலின் பின்புறம் இருக்கும் பொருட்காட்சிசாலைக்கு ஒரு டிக்கட். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு!

வாசலில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா அண்ணாந்து கும்மட்டத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி, என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?"

"உனக்குத்தான் முழங்கால் வலியாச்சே, அம்மா!"

"வலி எனக்குத்தானே? வேண்டாம் என்று நானே சொல்லியிருப்பேனே."

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? டிக்கட்டில் என் பெயர் அச்சாகியிருந்தது. மாற்றிக் கொடுக்கவும் வழியில்லை. "சரி, சரி, நேரமாகிறது, போ" என்று என் கைப்பையை வாங்கிக்கொண்டாள். நான் பள்ளிக்கூடத்துப் பரீட்சைக்குப் போகிற பெண்ணைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன்.

முதலில் சுற்றிச் சுற்றிப் போகிற கல்படிகள். அதற்கப்புறம் கும்மட்டத்தின் உள்விளிம்பை ஒட்டிய ஒரு குறுகிய நடைபாதை. தலைக்கு மேலே கடைசித் தீர்ப்பு நாளின் சித்திரம். வாசாரி என்பவர் 1572-இல் தொடங்கி, இரண்டு வருஷத்தில் காலமாகிவிட, ஸுக்காரி என்ற இன்னொருவர் 1579-இல் முடித்தது. கீழிருந்து பார்த்தால் பொடிப் பொடியாகத் தெரியும் நரகத்துப் பூதங்கள், இங்கே முகத்துக்கு நேரே வந்து பல்லை இளிக்கின்றன!

அதற்கு மேலேதான் உண்மையான அதிசயம். இந்தக் கும்மட்டம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகள். அவற்றின் இடுக்கில்தான் நாம் ஏறுகிறோம். தரையிலிருந்து சாரம் கட்டித் தாங்காமல், செங்கல்லை மீன்முள் மாதிரி சாய்த்தும் நிறுத்தியும் அடுக்கி, 1420-லிருந்து 1436-க்குள் இதை எழுப்பியவர் புருனெல்லெஸ்கி. தொழிலால் தட்டார்! நாம் ஏறுவது அன்றைக்கு வேலையாட்கள் நடந்த அதே வழிதான். சாப்பாட்டுக்காக அவர்கள் கீழே இறங்கி ஏறினால் நேரம் வீணாகிறதென்று, மேலேயே சாப்பாட்டுக் கடை வைக்க ஏற்பாடு செய்தாராம். சித்திரம் தீட்டிய அதே வாசாரிதான் இதையும் எழுதி வைத்திருக்கிறார். அந்த உயரத்தில் அடுப்பு மூட்டிய புண்ணியவான் யாரோ!

கடைசிப் படிகள் செங்குத்து. புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அதில் ஏறுவது ஒரு சர்க்கஸ். சல்வாரும் கான்வாஸ் ஜோடும் உத்தமம்.

உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. சிவப்பு ஓட்டுக் கூரைகள், ஆர்னோ ஆறு, சுற்றிலும் குன்றுகள். எல்லாம் தெரிகின்றன, ஒன்றைத் தவிர. கும்மட்டம் தெரியவில்லை! அதன் மேலேயே நின்றால் எப்படித் தெரியும்?

இறங்கி வந்தபோது என் கால்கள் வெடவெடவென்று நடுங்கின. அம்மா பொருட்காட்சிசாலையிலிருந்து உற்சாகமாக வந்தாள். கும்மட்டம் கட்டின கப்பிகளையும் கருவிகளையும் பார்த்தாளாம். புருனெல்லெஸ்கி இறந்தபோது அவர் முகத்தில் எடுத்த அச்சையும் பார்த்தாளாம். லிப்டில் மேலே போனால் ஒரு திறந்த தளம். அங்கிருந்து கும்மட்டம் கைக்கெட்டுகிற மாதிரி முழுசாகத் தெரிந்ததாம். "உன்னைத்தான் தேடினேன். உச்சியில் நின்றவர்களெல்லாம் எறும்பு மாதிரி இருந்தார்கள். இதில் நீ எந்த எறும்போ!" என்றாள்.

யார் ஏறலாம் என்று கேட்டால், கட்டிடம் கட்டிய சாமர்த்தியத்தை உள்ளே புகுந்து பார்க்க ஆசையிருந்து, காலும் மூச்சும் இடங்கொடுத்தால் தாராளமாக ஏறுங்கள். கும்மட்டத்தின் அழகுதான் வேண்டுமென்றால், பக்கத்தில் நிற்கும் மணிக்கூண்டு மேல். அதற்கும் 414 படிகள் உண்டு. ஆனால் நடுநடுவே தளங்கள் இருப்பதால் நின்று நின்று போகலாம்.

இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அவளாகவே கேட்டுத் தெரிந்துகொண்டாள். மறுநாள் காலை காபியைக் குடித்துவிட்டு, "அந்த மணிக்கூண்டுக்கு ரெண்டு டிக்கட் வாங்கு" என்றாள். வாங்கினேன். படிக்குப் படி சுவரைப் பிடித்துக்கொண்டு, நான் நீட்டின கையைத் தட்டிவிட்டு ஏறினாள். முதல் தளத்துக்கு வந்ததும் சாளரத்தோரம் சாய்ந்துகொண்டு கும்மட்டத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்கு இது போதும். நீ மேலே போய் வா" என்றாள்.

நான் போகவில்லை. எனக்குத்தான் முதல் நாள் ஏறின கால் வலி!