விடையிலிருந்து ரீடிங்கை எழுதுகிறவர்கள்

நம்ம பிராக்டிகல் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் ஒன்று உண்டு. முதலில் விடை, அப்புறம்தான் ரீடிங். வர வேண்டிய மதிப்பை சீனியரின் ரெக்கார்டு நோட்டில் பார்த்துக்கொண்டு, பின்னாலிருந்து கணக்குப் போட்டு ரீடிங்கை நிரப்பிவிடுவோம். நானும் செய்திருக்கிறேன். ஒரே ஒரு முறை, வந்த ரீடிங்கை வந்தபடியே எழுதினேன். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி கிடைத்தது. ஏன் அப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் கேட்கவில்லை.

ஸ்டீபன் ஹவுசர் என்ற அமெரிக்க நரம்பியல் டாக்டரைப் பற்றிப் படித்தபோது அந்தச் சிவப்பு மைதான் ஞாபகம் வந்தது.

முதலில் அவர் ஆராய்ந்த நோயைப் பற்றிக் கொஞ்சம். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். கரன்ட் ஒயரின் மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல நம் நரம்பிழைகளின் மேல் மயலின் என்று ஓர் உறை இருக்கிறது. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே அந்த உறையை அரித்தால் அதுதான் எம்.எஸ். கண் மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் ஆரம்பிக்கும். பெண்களுக்கு அதிகம். 1868லேயே பாரிஸில் ஷார்கோ இந்த நோயைத் தெளிவாக விவரித்துவிட்டார். ஆனால் நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1993ல்!

1970களின் கடைசியில் ஹவுசர் பாஸ்டனில் பயிற்சி டாக்டர். அங்கே ஓர் இளம்பெண் நோயாளியைப் பார்க்கிறார். நன்றாகப் படித்து, நல்ல வேலையில் இருந்தவர். நோயால் பேச்சும், விழுங்கும் சக்தியும் போய்விட்டன. கொடுக்க உருப்படியான மருந்து எதுவும் இல்லை. அன்றுதான் வாழ்க்கையை இந்த நோய்க்கு என்று முடிவு செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

அன்றைய பாடப்புத்தக விடை என்ன தெரியுமா? எம்.எஸ்ஸுக்குக் காரணம் டி செல்கள். எலிகளில் அதற்கு ஆதாரமும் இருந்தது: டி செல்களை ஏற்றினால் எலிக்கு எம்.எஸ். மாதிரி நோய் வந்தது. ஆனால் மனித மூளையில் மயலின் உரிந்து கிடப்பதுபோல எலி மூளையில் உரியவில்லை. இதுதான் ஹவுசருக்கு உறுத்தியது. அவரும் சகாக்களும் 1990களில் மார்மோசெட் என்ற சின்னக் குரங்கில் சோதித்தார்கள். டி செல்கள் மட்டும் இருந்தபோது வீக்கம் வந்தது. பி செல்கள் வழியாக உருவாகும் ஆன்டிபாடியும் சேர்ந்தபோதுதான் மயலின் உரிந்தது. அப்படியானால் பி செல்களைக் காலி செய்தால் என்ன ஆகும்?

அதற்கான மருந்தும் தயாராக இருந்தது. ரிட்டுக்ஸிமாப். பி செல்களை அழிப்பது. ஒருவகை லிம்போமா புற்றுநோய்க்காக 1997ல் அனுமதி பெற்றது. எம்.எஸ். நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கிறேன் என்று அமெரிக்க அரசின் என்.ஐ.ஹெச்சிடம் பணம் கேட்டார். உயிரியல்படி நம்ப முடியாத யோசனை என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். சிவப்பு மை!

கடைசியில் மருந்தைத் தயாரித்த ஜெனன்டெக் கம்பெனி ஒரு சின்னச் சோதனைக்குச் சம்மதித்தது. 104 நோயாளிகள். 2008ல் முடிவு வெளியானது. மூளை ஸ்கேனில் புதிதாக அழற்சி காட்டும் புண்கள், போலி மருந்து எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் 91 சதவீதம் குறைவு.

கதை இங்கேயே முடிந்திருந்தால் "மேதையை உலகம் புரிந்துகொள்ளவில்லை" என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் மறுத்தவர்கள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. ஆன்டிபாடியை உற்பத்தி செய்கிற பிளாஸ்மா செல்களை ரிட்டுக்ஸிமாப் தொடாது, பிறகு எப்படி வேலை செய்யும் என்பது நல்ல கேள்விதானே? ஆன்டிபாடிகளும் சட்டென்று குறையவில்லை. இருந்தும் சில வாரங்களிலேயே பலன் தெரிந்தது. அதாவது ஆன்டிபாடியைவிட பி செல்லே முக்கியக் குற்றவாளி. ஹவுசரின் ஊகமும் பாதிதான் சரி! மறுத்தவர்களும் தவறு, கேட்டவரும் முழுக்கச் சரியில்லை. இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி சோதித்துப் பார்ப்பது. பணத்தை மறுத்தபோது மறுக்கப்பட்டது அதுதான்.

என்னைக் கேட்டால், அந்த மறுப்புக்கு இன்னொரு விலையும் இருக்கிறது. பொதுப்பணம் ஒதுங்கிக்கொண்டால் அடுத்து எதைச் சோதிப்பது என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்யும். அடுத்த கட்டப் பெரிய சோதனைகள் பழைய ரிட்டுக்ஸிமாபுக்கு நடக்கவில்லை, ஓக்ரிலிஸுமாப் என்ற புதிய மருந்துக்கு நடந்தன. 2017 மார்ச்சில் அதற்கு அமெரிக்காவில் அனுமதி. ஆரம்பம் முதலே படிப்படியாக மோசமாகும் வகை எம்.எஸ்ஸுக்குக் கிடைத்த முதல் மருந்து அது. பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் அறிமுக விலை வருடத்துக்கு 65,000 டாலர்! பழைய மருந்தை எம்.எஸ்ஸுக்கு அடுத்த கட்டத்தில் சோதிக்க ஸ்வீடன் டாக்டர்கள் முன்வந்தார்கள். அதன் முடிவு 2022ல் வந்தது. 2023ல் உலக சுகாதார அமைப்பு ரிட்டுக்ஸிமாபை எம்.எஸ்ஸுக்கான அத்தியாவசிய மருந்துகளில் சேர்த்தது. 2007லிருந்தே அதன் மலிவான வடிவம் ஹைதராபாத்தில் தயாராகிறது. விலையைப் பார்த்து மலைத்து நிற்கும் குடும்பங்களுக்கு இந்த வரிசை எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

2025ல் ஹவுசருக்கு பிரேக்த்ரூ பரிசு கிடைத்தது. கூடப் பெற்றவர் ஆல்பெர்ட்டோ அஸ்கேரியோ. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றினால் எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்று 2022ல் காட்டிய குழுவின் தலைவர். அந்த வைரஸ் ஆயுள் முழுக்க ஒளிந்திருக்கும் இடம் எது தெரியுமா? அதே பி செல்!

வித்தியாசமாக யோசிக்கிறவர்களுக்கெல்லாம் பணத்தை அள்ளிக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிக் கொடுத்தால் ஊரில் உள்ள போலி வைத்தியர்கள் எல்லாம் வரிசையில் நிற்பார்கள். ஹவுசர் வெறும் நம்பிக்கையோடு போகவில்லை, கையில் குரங்கின் ரீடிங்கோடு போனார். நம் விடையோடு பொருந்தாத ரீடிங் ஒன்று வந்தால், பெருக்கல் குறி போடுவதற்கு முன்னால் "ஏன் அப்படி வந்தது?" என்று ஒரு தடவை கேட்கலாம். அவ்வளவுதான்.

அடுத்த பிராக்டிகலில் நான் வந்த ரீடிங்கைத்தான் எழுதப்போகிறேன். மார்க் போனால் போகட்டும். நீங்கள்?