கீபோர்டு ஒட்டினால் கம்ப்யூட்டரா?

இரும்பையில் மாகாளேஸ்வரர் கோயில் போகிற வழியில் டி.வி. பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன். டி.வி.யைவிட அதிகம் வந்தது டி.வி. கேம்தான். கேசட்டின் செம்புப் பற்கள் உப்புக் காற்றில் கறுத்திருக்கும். பிள்ளைகள் ஊதி ஊதி எச்சில் ஈரத்தையும் சேர்த்திருப்பார்கள். பென்சில் ரப்பரால் தேய்த்தால் பாதி நோய் தீரும்.

ஒருநாள் ஒருவர் கீபோர்டு வைத்த பெட்டியோடு வந்தார். பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். "எந்நேரமும் மாரியோதான் ஆடறாண்ணா. கம்ப்யூட்டர் கத்துக்கவே மாட்றான்" என்று பையனைக் குறை சொன்னார். பையன் மேல் தப்பில்லை; அது கீபோர்டு ஒட்டிய கேம் பெட்டிதான்.

பழைய கேம் பெட்டிகளை வகை பிரிப்பவர்களும் அவரைப்போலத்தான் ஏமாறுகிறார்கள். கீபோர்டு இருந்தால் கணினி வழி, ஜாய்ஸ்டிக் மட்டும் என்றால் காசு போட்டு ஆடும் ஆர்கேடு வழி என்பார்கள். பெயரையும் நம்பிவிடுகிறார்கள். 1983-ல் நின்டெண்டோ ஜப்பானில் விட்ட பெட்டியின் பெயரே ஃபேமிலி கம்ப்யூட்டர். என் மேஜைக்கு வந்தவை பெரும்பாலும் அதன் நகல்கள். அதன் மூளையான சிப் 6502 வம்சம். 1984-ல் தொடங்கிய மத்திய அரசின் கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்குப் போன பிபிசி மைக்ரோ கணினியிலும் 6502-தான். அதற்காக இரண்டும் ஒன்றாகிவிடுமா?

நான் பார்ப்பது நினைவகத்தையும் படச் சிப்பையும். பிபிசி மைக்ரோவின் 32 கே.பி., நாம் அடிப்பதை வைத்துக்கொள்ளும் இடம். ஃபேமிலி கம்ப்யூட்டருக்கு வேலை நினைவகம் 2 கே.பி. மட்டுமே. ஆர்கேடு போர்டைப்போல ஆட்டம் கேசட்டிலுள்ள சிப்பில் பதிந்தே வந்துவிடும். படச் சிப்போ 8-க்கு 8 புள்ளிச் சதுரங்களை அடுக்கிப் பின்னணி போடும். அதன்மேல் 64 சிற்றுருவங்களை ஓட்டும். ஒரே கோட்டில் 8-க்கு மேல் வந்தால் மிச்சம் தெரியாது. ஆட்டம் முறைவைத்துக் காட்டுவதால் மினுக்கும். அதைப் பார்த்து டி.வி. போச்சு என்று தூக்கி வந்தவர்கள் எத்தனை பேர்! 1981-ன் ஆர்கேடு ஆட்டமான டாங்கி காங்கை வீட்டுக்குக் கொண்டுவர இந்தப் பெட்டி தாராளம். கணக்கு எழுத உதவாது.

சேகாவின் எஸ்.ஜி.-1000 கேம் பெட்டி என் அளவுகோலுக்கும் அடங்காது. அதே உறுப்புகளோடு எஸ்.சி.-3000 என்ற கணினியையும் அதே 1983-ல் விற்றார்கள். அதனால் எஸ்.ஜி.-1000-ஐ இரண்டு பக்கமும் எழுதிக்கொள்ளலாம். 1988-ன் மெகா டிரைவில் சந்தேகமே வேண்டாம். அது சேகாவின் சிஸ்டம் 16 ஆர்கேடு போர்டின் வாரிசு.

கீபோர்டுப் பெட்டியோடு வந்தவர் முன்னாலேயே அதன் பேசிக் நிரல்மொழியில் பையன் பெயரை வரிசையாக ஓடவிட்டேன். முகம் மலர்ந்தது. சுவிட்சை அணைத்துப் போட்டேன், பெயர் போய்விட்டது. சேமிக்க அதில் வழியே இல்லை.

"அப்ப மாரியோ மட்டும் எப்படிண்ணா போகாம இருக்கு?"

கேசட்டை உருவி அவர் கையில் கொடுத்தேன்.