பூ உதிர்ந்தாலும் செடி சாகவில்லை



வகுப்பறையை அழகுபடுத்தும் காலம் வந்துவிட்டால் பள்ளிகளில் பூச்சாடிகள் வரிசைபிடித்து நிற்கும். நமது கேமரன் மலையில் பூச்செடிக்குப் பஞ்சமில்லை. ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை சாலையோரமெங்கும் செவ்வந்தி, பிகோனியா, ஆப்பிரிக்க வயலட், ஆர்க்கிட் எனக் கொட்டிக் கிடக்கின்றன. வாங்குகின்றோம், சன்னலோரம் வைக்கின்றோம், மாணவர்கள் நீரூற்றுகின்றனர். சில வாரங்களில் பூ உதிர்கின்றது, இலை மஞ்சளாகின்றது. பிறகு அந்தச் செடி சாடியோடு குப்பைத் தொட்டிக்குப் போய்ச் சேருகின்றது. வீடுகளிலும் இதே கதைதான்.

இதில் ஒரு சாடியின் விலை மட்டும் வீணாகவில்லை. பூ இருக்கும்வரைதான் செடிக்கு மதிப்பு என்ற பாடத்தைச் சொல்லாமலேயே நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்து விடுகின்றோம். இதுவே என் மனக்குறை. ஒவ்வொரு வகுப்பும் ஆண்டிற்கு ஒரு செடியையாவது மாணவர் கைகளாலேயே சாடி மாற்றி நட வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

எப்போது மாற்றுவது?

அயல்நாட்டு நூல்கள் பலவும் வசந்த காலத்தில் மாற்றச் சொல்கின்றன. நமக்கு வசந்தமும் இல்லை, பனிக்காலமும் இல்லை. ஆதலால் நாட்காட்டியை விட்டுவிட்டுச் செடியைப் பார்க்க வேண்டும். பூத்துக் குலுங்கும்போது மாற்றலாகாது. அப்போது வேர் குலைந்தால் மொட்டுகள் உதிர்ந்துவிடும். பூ முடிந்து புதுத் தளிர் எட்டிப் பார்க்கும் நேரமே தக்க நேரம்.

மாற்ற வேண்டியதைச் செடியே அறிவிக்கும். சாடியின் அடித்துளை வழியே வேர் வெளிவரும். ஊற்றிய நீர் நிற்காமல் கீழே ஓடிவிடும். நேற்று நீர் ஊற்றிய செடி இன்றே வாடும். மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் படியும். ஐயமிருந்தால் செடியை மெல்லக் கவிழ்த்து வெளியே எடுத்துப் பாருங்கள். மண்ணைச் சுற்றி வேர்கள் கயிறுபோல் வளையமிட்டிருந்தால் காலம் வந்துவிட்டது. மண்ணே அதிகம் தெரிந்தால் அப்படியே திரும்ப வைத்துவிடலாம். 'பீஸ் லில்லி' போன்ற சில செடிகள் வேர் சற்று நெருக்கமாக இருந்தால்தான் நன்கு பூக்கும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

எப்படி மாற்றுவது?

முதலில் சாடியின் அளவு. பெரிய சாடியில் வைத்தால் செடி விரைவாகப் பெரிதாகும் என்று பலரும் எண்ணுகின்றனர். வேர் எட்டாத மண்ணில் உள்ள நீரை உறிஞ்ச ஆளில்லை. அம்மண் நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். காற்றில்லாமல் வேர் அழுகும். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில், மூடுபனியும் குளிரும் நிறைந்த நம் ஊரில் மண் இன்னும் மெதுவாகவே காயும். ஆகவே பழைய சாடியைவிட 2 முதல் 5 சென்டிமீட்டர் மட்டுமே அகலமான சாடி போதும். ஆப்பிரிக்க வயலட்டுக்கு, இலைப்பரப்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு அகலமுள்ள சாடியே ஏற்றது.

அடுத்தது, சாடியின் அடியில் கல் போடும் வழக்கம். நீர் நன்றாக வடியும் என்று நம்பிச் செய்கின்றோம். உண்மையில், மேலுள்ள மண் முழுவதும் ஊறிய பிறகே நீர் கல்லுக்குள் இறங்கும். கல் இடத்தை அடைத்துக்கொள்வதால் ஈரம் தேங்கும் பகுதி வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகின்றது. வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்டலாம். நீண்ட பஞ்சு ஒன்றை நீரில் நன்றாக நனைத்துப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதைச் செங்குத்தாக நிறுத்துங்கள். மீண்டும் நீர் சொட்டும். மண்ணும் அப்படித்தான், உயரம் கூடினால் வடிவது கூடும். கல்லைப் போட்டு மண்ணின் உயரத்தைக் குறைக்கலாமா என்று கேட்டால், விடையை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். துளை உள்ள சாடியும் நீர் தேங்காத மண் கலவையும் போதும்.

அந்தக் கலவைக்காக மலைச்சரிவைத் தோண்ட வேண்டாம். நம் ஊர் சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கத்தில் சரிவுகளிலிருந்து அரித்து வந்த மண் படிந்து கிடப்பதை நாம் அறிவோம். அதோடு, வெறும் தோட்டத்து மண் சாடியில் இறுகிவிடும். மக்கிய உரமும் தேங்காய் நார்த்தூளும் கலந்த கலவை இலேசாக இருக்கும். ஆர்க்கிட்டுக்கு மண்ணே ஆகாது. மரப்பட்டைத் துண்டுகளும் கரியும் வேண்டும்.

மாற்றுவதற்கு முதல் நாள் செடிக்கு நீர் ஊற்றுங்கள். மறுநாள் தண்டைப் பிடித்து இழுக்காமல், சாடியைக் கவிழ்த்துத் தட்டி எடுங்கள். வளையமிட்ட வேரை விரலால் மெல்லப் பிரித்துவிடுங்கள். கருத்து அழுகியதைத் தூய கத்தரியால் வெட்டுங்கள். முன்பு இருந்த ஆழத்திலேயே நட்டு, விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் இடம் விட்டு மண்ணை நிரப்பி, நீர் ஊற்றுங்கள். ஒன்றிரண்டு வாரம் நேர்வெயில் படாமல் வைத்திருங்கள். ஒரு மாதம்வரை உரம் வேண்டாம். அடித்தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஆகையால் தட்டைக் கவிழ்ப்பதை வகுப்புக் கடமைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

ஏன் பிள்ளைகளே செய்ய வேண்டும்?

"இதற்கெல்லாம் நேரம் எங்கே, ஆசிரியரே?" என்று கேட்பீர்கள். 2021ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபோது, இனிப் பிள்ளைகள் செய்து கற்பார்கள் என்று நாம் எல்லோரும் பேசினோம். பேசியதைச் செய்து காட்ட இது நல்ல வாய்ப்பு. தொடக்கப்பள்ளி அறிவியலில் தாவரத்தின் பாகங்கள் வருகின்றன. வேரைப் படத்தில் வரைந்து பெயர் எழுதும் பிள்ளை, உண்மையான வேரை உள்ளங்கையில் ஏந்திப் பார்க்கட்டும். சாடியை அளப்பது கணிதம். செய்முறையை வரிசையாக எழுதுவது தமிழ். ஒருமணி நேரத்தில் மூன்று பாடம் முடிந்துவிடும்!

"கை அழுக்காகுமே" என்பது பெற்றோரின் கவலை. சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போய்விடும். கையில் புண் உள்ள பிள்ளைக்குக் கையுறை கொடுக்கலாம். ஆனால், மண்ணைத் தொடுவது தாழ்ந்த வேலை என்ற எண்ணம் மனத்தில் படிந்துவிட்டால் அதைக் கழுவுவது எளிதன்று. நம் பாட்டன் பாட்டிமார் இந்த மலைகளில் தேயிலையை நட்டவர்கள். ஓரிலைத் துண்டைப் பையில் ஊன்றி, நிழலில் மாதக்கணக்காக வளர்த்து, வேர் மடங்காமல் குழியில் இறக்கியவர்கள். வேர் மடங்கி நட்ட கன்று உரம்பெறாது என்பதை ஏட்டில் படிக்காமலே அறிந்திருந்தவர்கள். அந்தக் கையறிவு பேரப்பிள்ளைகளை எட்டாமல் போனால் அது யாருக்கு இழப்பு? பிள்ளைகள் தோட்டத்திலேயே உழைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவராகட்டும், பொறியாளராகட்டும். ஒரு செடியைக் காப்பாற்றத் தெரிந்தவராகவும் இருக்கட்டும்.

வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அவர்களைப் பள்ளிக்கு அழையுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் ஒரு மூட்டை மண் கலவை வாங்கிக் கொடுத்தால் எல்லா வகுப்புகளுக்கும் போதும். பூ முடிந்த செடிகளை எறியாமல் ஓரமாகச் சேர்த்து வையுங்கள். அழகுப் போட்டிக்கு மதிப்பெண் இடுவோர், புதிதாக வாங்கிய பூவைவிட, மாணவர்கள் மாற்றி நட்டு மறுமுறை பூக்கச் செய்த செடிக்குக் கூடுதல் மதிப்பெண் தந்தால் என்ன? அந்த ஒரு விதியே பல செடிகளைக் காப்பாற்றும்.

உங்கள் கருத்துகளையும் எழுதுங்கள். சிந்திப்போம், செயல்படுவோம்.