பூங்குழலி ஏன் அரசியாக வேண்டும்?

சரித்திரக் காதற் புதினங்களின்மேல் நமக்கு ஒரு வழக்கு உண்டு. அவற்றில் காதல் மிகுந்துவிட்டது என்பதன்று அவ்வழக்கு. அந்தக் குற்றச்சாட்டை நம் முன்னோர் பிரசங்க மேடைகளிலிருந்து போதுமான அளவு முழங்கிவிட்டார்கள். முழங்கி இறங்கிய பின்பு அவர்களுடைய பங்கு இல்லங்களின் அலமாரிகளில் ‘யவன ராணி’யும் ‘கடல் புறா’வும் அமைதியாக வீற்றிருந்ததையும் நாம் அறிவோம். (நாம் அவற்றை முதன்முதலில் படித்ததே அப்படிப்பட்ட ஓர் அலமாரியிலிருந்துதான்.) காதலை இழந்த பெண்ணுக்கு மறுபடி ஒரு வாழ்வு உண்டா என்னும் கேள்வி எழும் இடத்தில் எல்லாம் இப்புதினங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன என்பதே நமது வழக்கு.

‘சிவகாமியின் சபத’த்தை எடுத்துக்கொள்வோம். வாதாபியில் சிறைப்பட்டு மீண்ட சிவகாமிக்குக் கல்கி வைத்திருப்பது என்ன? மாமல்லர் இதற்குள் பாண்டியன் மகளை மணந்து பிள்ளைகளையும் பெற்றுவிட்டார். சிவகாமி இறைவனையே மணாளனாக வரித்துக் கோயிலுக்குள் போய்விடுகிறாள். ஆணுக்கு அரசியற் கடமை என்ற பெயரில் இல்லறம். பெண்ணுக்குத் தெய்விகம் என்ற பெயரில் தனிமை. துறவறத்தின் மேன்மையை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதில் முப்பது ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறோம். அதனாலேயே சொல்கிறோம்: அழைக்கப்பட்டுத் துறப்பது வேறு, வேறு வழி அடைக்கப்பட்டுத் துறப்பது வேறு.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ 2022-இலும் 2023-இலும் இரண்டு திரைப்படங்களாக வெளிவந்தபின், நம் பங்கு இளையோரும் அதைத் தேடிப் படிக்கிறார்கள். படிக்கட்டும், மகிழ்ச்சியே. ஆனால் கடலோரத்துப் பிள்ளைகள் அதில் கோடிக்கரைப் பூங்குழலியை மட்டும் சற்று உற்று நோக்கவேண்டும் என்பது நம் விருப்பம். படகு வலிக்கும் பெண், அலைக்கு அஞ்சாதவள், இளவரசனின்மேல் வைத்த அன்பு கைகூடாது என்று அறிந்து தேறியவள். அவளுக்கு இரண்டாம் வாய்ப்பு உண்டுதான். அவளை மணக்கும் சேந்தன் அமுதன் பூமாலை தொடுப்பவனாகவே இருந்திருந்தால் எவ்வளவு அழகாக இருந்திருக்கும்! ஆசிரியருக்கு அது போதவில்லை. அவனே உத்தம சோழன் என்று வெளிப்பட்டு, அவள் அரியணையில் அமர்ந்த பிறகே கதைக்கு நிறைவு வருகிறது. அதே நூலில் கடல் தீவொன்றில் அரசனைக் காத்து, அவனால் நேசிக்கப்பட்டு, பின் பிரிந்துபோன ஊமைப் பெண் மந்தாகினிக்கோ, அவனை நோக்கி வந்த வேலைத் தன்மேல் ஏற்று மடியும் வாய்ப்பு மட்டுமே. கடற்கரைப் பெண் ஒன்று அரசியாக வேண்டும். அல்லது செத்துப்போக வேண்டும். மறுபடி வலையைத் தைத்துக்கொண்டு, மறுபடி ஒருவனோடு அடுப்பு மூட்டி வாழ அவளுக்கு உரிமை இல்லையா?

இதைக் கதைதானே என்று சிலர் விட்டுவிடச் சொல்வார்கள். அவர்களுக்கு நம் வாழ்விலிருந்தே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் கடலோரப் பங்கு ஒன்றில் நாம் பணிபுரிந்தபோது ஓர் இளம்பெண் நம்மிடம் வந்தார். இரண்டு குழந்தைகள். கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. படகு கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதே படகுத்துறையைச் சேர்ந்த ஒருவர் அவரையும் குழந்தைகளையும் ஏற்றுக்கொள்ள முன்வந்தார். ஊர்ப் பெரியவர்கள் கூடாது என்றார்கள். “போனவன் வந்து நின்றால் என்ன பதில் சொல்லுவாய்?” என்று கேட்டார்கள். நாமோ, திருச்சபைச் சட்டம் படித்தவராயிற்றே, இறப்புக்குச் சான்று வேண்டும் என்றோம். அவர் சற்று நேரம் நின்றார். “சாமி, கடல் எந்தக் காகிதத்துல கையெழுத்துப் போடும்?” என்று கேட்டுவிட்டுப் போனார். பின்பு நம்மிடம் அவர் வரவேயில்லை.

நாம் சொன்னது சட்டப்படி தவறன்று. ஆனால் பாதிச் சட்டம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1707-ஆம் பிரிவு, இறப்புக்கு ஆவணச் சான்று கிடைக்காதபோது, சாட்சிகளை விசாரித்து, சூழ்நிலைகளை ஆராய்ந்து, கணவர் இறந்துவிட்டார் என்னும் அறநெறி உறுதி ஏற்பட்டால் அவ்வாறே அறிவிக்க ஆயருக்கு அதிகாரம் அளிக்கிறது. நெடுநாள் காணாமற்போனது மட்டும் போதாது. ஆனால் கவிழ்ந்த படகும், உடன் சென்றோர் சாட்சியமும், அன்றைய காற்றின் கடுமையும் கணக்கில் வரும். அந்த மனுவை எழுதவேண்டியவர் பங்குத்தந்தை. நாம் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று இப்போது நம்மையே கேட்டுப் பார்க்கிறோம். சோம்பல் பாதி. மற்றப் பாதி, காத்திருக்கும் கைம்பெண்ணின் உருவம் நம் உள்ளத்தில் அழகாகப் பதிந்திருந்தது. அதைப் பதித்தவை வேதநூல்கள் அல்ல. அந்த அலமாரிப் புத்தகங்கள்.

வேதநூல் வேறுவிதமாகவே பேசுகிறது. நீதித்தலைவர்கள் காலத்துக் கதையாகச் சொல்லப்படும் ரூத்து நூலைப் பாருங்கள். காதலும் இழப்பும் மறுவாழ்வும் கொண்ட சரித்திரக் கதை ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. கணவனை இழந்த அயல்நாட்டு மருமகள் கதிர் பொறுக்கப் போகிறாள். மாமியார் நகோமி அவளை வெள்ளைச் சேலைக்குள் முடக்காமல், அவளுக்கு ஒரு வீடு தேடவேண்டியது தன் பொறுப்பென்று எண்ணிப் போவாசின் களத்துக்கு அனுப்புகிறாள். அந்த மறுமணத்தில் பிறந்த ஓபேதின் பேரன் தாவீது. மத்தேயு நற்செய்தியாளர் ஆண்டவருடைய வம்சவரிசையில் ரூத்தின் பெயரைத் துணிந்து எழுதினார். நாம் ஒவ்வொரு டிசம்பரிலும் அதை வாசித்து, பெயர்கள் நீளமாக இருக்கின்றன என்று அலுத்துக்கொள்கிறோம்.

திருச்சபையின் கையும் முற்றிலும் சுத்தம் என்று சொல்ல நாம் வரவில்லை. 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, கைம்மையின் கற்பு மேலானதெனினும் மறுமணம் செல்லும், தகும் என்று 1142-ஆம் பிரிவில் சொன்னது. அதற்கடுத்த பிரிவிலேயே, ஒருமுறை மணவாழ்த்து ஆசீர் பெற்ற பெண் பின்னைய திருமணத்தில் அதை மீண்டும் பெற இயலாது என்றது. பெண் என்றுதான் சட்டம் சொன்னது; மனைவியை இழந்த ஆணைப்பற்றி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. 1969-இல் திருத்தியமைக்கப்பட்ட திருமணச் சடங்குமுறையிலும் 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் அந்தத் தடை இல்லை. சட்டம் மாறிற்று. ஊர் வாய் மாறவில்லை.

இனி, நம் மண்ணில் இத்தகைய கதையே இல்லையா என்றால், இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில், தஞ்சையைச் சேர்ந்த மராட்டியப் பிராமணக் கைம்பெண் ஒருவர் உடன்கட்டைத் தீயிலிருந்து ஆங்கிலேய அதிகாரி லிட்டில்டனால் காப்பாற்றப்பட்டு அவரோடு பாளையங்கோட்டையில் வாழ்ந்தார் என்பது வழிவழிச் செய்தி. அவர் திருமுழுக்குக் கேட்டபோது, மணமாகாமல் ஒருவரோடு வாழ்பவர் என்று சுவார்ட்சு ஐயர் மறுத்தார். அதிகாரியின் மறைவுக்குப் பின் 1778-இல் அவருக்குக் கிளாரிந்தா என்ற பெயரில் திருமுழுக்கு அளித்தார். அந்தப் பெண்மணி எழுப்பிய ஆலயம் 1785-இல் திறக்கப்பட்டது. ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’ என்று மக்கள் இன்றும் அழைக்கிறார்கள். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர், அதனால் என்ன? இருமுறை இழந்தும் மறுபடி எழுந்து நின்ற அந்த வாழ்வைச் சரித்திரக் காதற் புதினமாக 1915-இல் ஆங்கிலத்தில் எழுதியவர் அ. மாதவையா, நம் தூத்துக்குடி மாவட்டத்துப் பெருங்குளத்துக்காரர். அவர் கிறித்தவரும் அல்லர். அதற்கு முன்பே 1903-இல் ‘முத்துமீனாட்சி’யில் கைம்பெண் மறுமணத்தைத் தமிழில் எழுதிக் காட்டியவரும் அவரே.

1879-இல் வெளிவந்த தமிழின் முதற் புதினத்தை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர் என்று நாம் விழா மேடைகளில் மார்தட்டுகிறோம். அந்த மரபு நம் கரையை எட்டியதா? வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல் என்று ஏழு ஊர்களின் சரித்திரம் நம் முன் கிடக்கிறது. 1544-இல் வடுகர் படை வந்தபோது குமரிமுனைப் பாறைகளில் ஒளிந்து பசியாலும் தாகத்தாலும் மக்கள் வாடினார்கள். சவேரியார் இருபது படகுகளில் உணவோடு புறப்பட்டும் எதிர்க்காற்று அவரை நெருங்கவிடவில்லை. அந்தப் பாறையில் கணவனை இழந்தவள் திரும்பி வந்து எப்படி வாழ்ந்தாள்? முத்துச் சலாபம் நடந்த நாள்களில் கல்லோடு இறங்கியவனின் உயிர், தோணியில் கயிறு பிடித்தவன் கையில் இருந்தது. கயிறு அசையாத அன்று கரையில் நின்றவள் என்ன ஆனாள்? தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961-இல் முடிந்தது. முத்துகளை அரசியரின் கழுத்தில் மாட்டிப் பார்த்த புதினங்கள் நிறைய. முத்தை எடுத்தவனின் மனைவியைப் பற்றிய புதினங்கள் அருமை. உவரி ஜோ டி குருஸ் ‘ஆழி சூழ் உலகு’ (2004), ‘கொற்கை’ (2009) ஆகியவற்றால் இருபதாம் நூற்றாண்டுக் கடற்கரையை எழுதிக் காட்டினார். ‘கொற்கை’க்கு 2013-இல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. அவரையும் நம்மில் பலர் படிக்காமலே ஏசினார்கள் என்பது தனிக்கதை.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் குமரிக் கடலோரத்து மீனவர் பலர் உடலும் கிடைக்காமல் போனார்கள். காணாமற்போனவர் இறந்தவராகக் கருதப்பட ஏழு ஆண்டுகள் என்னும் விதிக்குக் காத்திராமல் அக்குடும்பங்களுக்கு நிவாரணம் வழங்க அரசு முன்வந்தது. அரசாங்கக் கோப்புக்கு இளகிய நெஞ்சு, ஊர்க் கமிட்டிக்கு இளகவேண்டாமா என்று நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டோம். பூசை முடிந்ததும் இரண்டு பெரியவர்கள் நம்மிடம் கோபித்துக்கொண்டார்கள். மூன்றாமவர் ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு, தம் மருமகளைப்பற்றிப் பேச மாலையில் வருவதாகச் சொன்னார்.

வந்தார். அந்த மனுவை அன்றிரவே எழுதினோம். ஆயர் இல்லத்திலிருந்து பதில் வரப் பதினோரு மாதங்கள் ஆயின. கீழவைப்பார்க் கோயிலில் அப்பெண்ணுக்கு ஓலை வாசித்த முதல் ஞாயிறு பின்வரிசையில் சிறு சலசலப்பு இருந்தது. இரண்டாம் ஞாயிறு குறைந்தது. மூன்றாம் ஓலைக்கு ஆட்சேபம் ஒன்றும் வரவில்லை.