டொரனாடோவுக்கு பிரேக் போட மறந்தது யார்?



அமெரிக்கக் கார் என்றதும் நம்ம பசங்க கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை குதிரை சக்தி மச்சி?" என்பதுதான். 1966-ஆம் ஆண்டு மாடலாக வந்த ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோவுக்கு விடை 385. ஏழு லிட்டர் வி-8 இன்ஜின், இரண்டே கதவு, ஆறு பேர் உட்கார இடம், எடை இரண்டு டன்! (அந்த 385-ஐ அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் சைலன்சர், ஃபேன் எதுவும் மாட்டாமல் டெஸ்ட் பெஞ்சில் அளந்த கணக்கு அது.)

அத்தனை சக்தியும் போவது முன் சக்கரங்களுக்கு. 1937-ல் கார்டு கார் நின்றுபோன பிறகு, அமெரிக்காவில் முன் சக்கரம் இழுக்கும் காரை யாரும் தயாரித்து விற்கவில்லை. ஓல்ட்ஸ்மொபைல்காரர்கள் செய்த வேலையைக் கேளுங்கள். இன்ஜின் வழக்கம்போல நீளவாக்கில்தான் இருக்கிறது. டார்க் கன்வெர்ட்டர் அதன் பின்னால். அங்கிருந்து ஒரு அகலமான செயின் சக்தியைப் பக்கவாட்டில் கடத்துகிறது. கியர்பாக்ஸ் இன்ஜினுக்கு இடப்பக்கமாக, முன்னோக்கித் திரும்பிப் படுத்திருக்கிறது. ஏழு லிட்டர் இன்ஜினின் முறுக்கு விசையை ஒரு செயின் தாங்குமா? தாங்கியது! இதே அமைப்பைத்தான் 1973-ல் ஜி.எம்.சி. மோட்டார்ஹோம் என்ற வீட்டு வண்டிக்கும் போட்டார்கள். பின்பக்கம் டிரைவ் ஷாஃப்ட் கிடையாதே, அதனால் தளத்தைத் தாழ்வாக வைக்க முடிந்தது. என்னைக் கேட்டால் அந்த செயினுக்குப் பொருத்தமான இடம் அந்த வீட்டு வண்டிதான். இரண்டு கதவு சொகுசுக் காரில் தட்டையான தளத்தால் யாருக்கு என்ன பெரிய லாபம்?

சரி, ஓட வைத்தாயிற்று. நிறுத்துவது எப்படி? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்! இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னால் இருப்பதால் ஏறத்தாழ 60 சதவீத எடை முன் சக்கரங்கள் மீதே உட்கார்ந்திருக்கிறது. பிரேக்கை மிதித்தால் இன்னும் முன்னால் சாயும். பின் சக்கரம் லேசாகிச் சட்டென்று லாக் ஆகும். முன் டிரம்களோ கொதிக்கும். சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கின் பிடிப்பும் குறையும். இது நம்ம ஆட்டோமொபைல் வைவாவில் கேட்கிற சாதாரணக் கேள்வி. அவர்களுக்குத் தெரியாதா?

தெரியும். அதே ஜெனரல் மோட்டார்ஸ், 1965 கார்வெட்டுக்கு நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் கொடுத்துவிட்டது. ஆக, பொருள் கையில் இருந்தது, கை வரவில்லை. ஷோரூமுக்கு வருகிறவர் மூடிக்கொள்ளும் ஹெட்லைட்டைப் பார்ப்பார், நீண்ட பானெட்டைத் தடவுவார். சக்கரத்துக்குள் இருப்பதை யார் எட்டிப் பார்க்கிறார்கள்? மோட்டார் டிரெண்ட் பத்திரிகையும் 1966-ன் சிறந்த கார் என்று இதற்கே பட்டம் கொடுத்தது. பட்டத்தைக் குறை சொல்லவில்லை, அந்த செயினுக்கு அது தகும்.

1967-ல் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்தது. அதுவும் கேட்டு வாங்குவோருக்கு, கூடுதல் காசுக்கு! இன்றைக்கும் 1966 மாடலை வைத்திருப்பவர்களில் சிலர், முன் டிரம்மைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிந்தைய மாடலின் டிஸ்க்கை மாட்டிக்கொண்டுதான் ரோட்டில் எடுக்கிறார்கள்.