ஒருகனிமப் பாறையில் ‘ஒன்று’ என்பது எவ்வளவு?

அண்மையில் நண்பர் ஒருவரின் மொழிபெயர்ப்புப் படியைப் பார்வையிட்டேன். நிலவியலின் ‘மோனோமினராலிக்’ என்னும் சொல்லை அவர் ‘தூய கனிமப் பாறை’ என்று பெயர்த்திருந்தார். செவிக்கு இனிய தொடர்தான். ஆயினும் பிழையானது என்பதே என் கருத்து.

மூலச்சொல் ஓர் இருமொழிக் கலப்பு. ‘மோனோஸ்’ என்பது ஒற்றை, தனி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். ‘மினரல்’ என்பதோ சுரங்கத்தையும் தாதுவையும் குறித்த இடைக்கால இலத்தீன் சொல்லின் வழி வந்தது. நம் ‘கனிமம்’ என்பதிலும் சுரங்கத்தைக் குறிக்கும் ‘கனி’ என்னும் வடசொல்லே அடியாக உள்ளது. இவற்றில் எங்கும் தூய்மைக்கு இடமில்லை.

வழக்கிலும் இல்லை. ஒலிவின் 90 விழுக்காட்டுக்கு மேலிருந்தால் அப்பாறை டியூனைட். எஞ்சிய பங்கில் குரோமைட்டோ பைராக்சீனோ இருக்கலாம். பிளஜியோகிளேசு 90 விழுக்காட்டைக் கடந்தால் அனார்த்தோசைட். அந்தப் பிளஜியோகிளேசும் சோடியம் மிகுந்த ஆல்பைட் முதல் கால்சியம் மிகுந்த அனார்த்தைட் வரை இடையறாது நீளும் ஒரு தொடர்வரிசை. அதனை ‘ஒன்று’ என எண்ணுவது நாம் பெயரிட்டு வகுத்த எல்லையைப் பொறுத்ததே.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பாறைக்குழம்பு குளிர்கையில் பெரும்பாலும் பல கனிமங்கள் படிகமாகின்றன. அவ்வாறிருக்க, ஒரே கனிமம் பெரும்பாறையாகத் திரண்டது எங்ஙனம்? அனார்த்தோசைட்டை முன்வைத்து 1917இல் நார்மன் போவன் எழுப்பிய சிக்கல் இதுவே. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும், 1971இல் அப்போலோ 15 பயணத்தார் நிலவிலிருந்து கொணர்ந்த கல்லிலும் இவ்வினா உறைந்து கிடக்கிறது. படிகங்கள் மிதந்தோ அமிழ்ந்தோ பிரிந்து குவிந்தன என்பது விடைகளுள் முதன்மையானது. எனவே, ‘ஒன்று’ என்பது ஒரு பிரிப்பு வரலாற்றின் முடிவு. ‘தூய’ என்றதும் அது பாறையின் இயல்பான குணமாகிவிடுகிறது. மாணவருக்குக் கேள்வியே எழாது.

‘தனிக்கனிமம்’ என்பதும் எனக்கு உடன்பாடன்று. ‘தனி’ என்பதற்குக் கலப்பற்றது என்னும் பொருளும் உண்டு. ‘ஒருகனிமப் பாறை’ என்பதே போதும். எண்ணுப்பெயர் எண்ணிக்கையை மட்டும் சொல்லட்டும். 90 விழுக்காடு என்னும் வரம்பை வரையறை சொல்லட்டும். கலைச்சொல்லாக்கத்தில் அழகைக் காட்டிலும் அளவு முந்த வேண்டும். மாற்றுக் கருத்துடையோர் எழுதுக.