போர்ட்ஃபோலியோன்னா ஆல்பம் இல்லடே!

ஒரு வாரம் லீவு போட்டு அஞ்சுகிராமம் போயிருந்தேன். பொட்டி தட்டுறவனுக்கு ஊர்ல ஒரு மரியாதை உண்டு. யார் வீட்டுல கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் ஆள் அனுப்பிடுவாங்க. இந்த தடவை கூப்பிட்டது மயிலாடியில இருக்கிற சித்தி. சித்தப்பா கல்லுல சாமி சிலை செய்யுறவர். தம்பி ஓவியக் கல்லூரியில பி.எஃப்.ஏ. கடைசி வருஷம். எம்.எஃப்.ஏ.வுக்கு விண்ணப்பிக்க போர்ட்ஃபோலியோ தயார் பண்ணணுமாம்.

"அண்ணே, பதினஞ்சு படம், ஒரு பக்கம் எழுத்து. அழகா பிடிஎஃப் ஆக்கித் தந்தா போதும்"னான். இவ்வளவுதானான்னு உக்காந்தேன். அங்கதான் வினை.

படங்களைப் பார்த்தேன். பென்சில்ல அப்துல் கலாம், ரஜினி, சூரிய உதயத்தோட திருவள்ளுவர் சிலை, ஒரு கதகளி முகம், கூடவே "மாடர்னா ஒண்ணு இருக்கட்டும்"னு கலர் கலரா ஒரு குழப்பம். குறை சொல்ல முடியாத கை. ஆனா பதினஞ்சையும் பார்த்து முடிச்சப்புறம் இதை வரைஞ்சவன் யாருன்னு எனக்குத் தெரியல. பதினஞ்சு பேர் ஆளுக்கொண்ணா வரைஞ்ச மாதிரி இருந்துச்சு.

எனக்கு என்னோட முதல் ரெஸ்யூம் ஞாபகம் வந்துச்சு. சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா, ஆரக்கிள்னு பேர் கேள்விப்பட்டதை எல்லாம் அடுக்கி வச்சிருந்தேன். இன்டர்வியூ எடுத்தவர் அதை எதையும் கண்டுக்கல. "இந்த ப்ராஜெக்ட்ல நீ என்ன பண்ணின?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டார். நான் பே பேன்னு முழிச்சேன். ஹி ஹி.

சார்ஜர் தேடப் போனப்போ கட்டிலுக்கு அடியில நாலு நோட்டு கிடைச்சுது. சித்தப்பா பட்டறையில விழுற கல்லுப்பொடியைப் பசையில குழைச்சு வரைஞ்ச சாம்பல் நிறப் படங்கள். உளி பிடிச்ச கை. முகம் இன்னும் செதுக்காத அம்மன். பாதியில உடைஞ்சதால ஓரமாப் போட்ட நந்தி. நாப்பது படத்துக்கு மேல இருக்கும்.

"இதெல்லாம் ஏண்டே வைக்கல?"

"அது சும்மா வரைஞ்சதுண்ணே. ஃபினிஷிங் இல்ல."

மக்களே, என் கட்சி இதுதான். அந்த 'சும்மா வரைஞ்சது'தான் போர்ட்ஃபோலியோ. வரையத் தெரியுமாங்கிறதுக்கு நாலு வருஷப் படிப்பே சாட்சி. மேல்படிப்புக்குத் தேர்வு செய்யுறவங்க பார்க்க வேண்டியது, இவனை எந்த விஷயம் விடாமப் பிடிச்சு ஆட்டுது, அதோட இன்னும் ரெண்டு வருஷம் மல்லுக்கட்டுவானாங்கிறது. அதை வெரைட்டி காட்டாது, ஒரே விஷயத்துக்குத் திரும்பத் திரும்பப் போறதுதான் காட்டும்.

சென்னை ஓவியக் கல்லூரியில படிச்ச கே.எம். ஆதிமூலத்தை எடுத்துக்குங்க. காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் காந்தியைக் கோட்டோவியமா வரைஞ்சுகிட்டே இருந்தார். ஒரே மனுஷன், ஒண்ணில்ல ரெண்டில்ல, நூறு படம் அளவுக்கு. அதே ஆதிமூலம் பிற்பாடு உருவமே இல்லாத வண்ண ஓவியங்களுக்குப் போனார். அதே கல்லூரிக்கு முதல்வரா இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை ஆரம்பிச்சது 1963-ல, ஐம்பது வயசைத் தாண்டின பிறகு. திசை மாறுறதும் ஒரு ஓவியரோட வேலையில சேர்த்திதான். ஆனா எங்கேயிருந்து எங்கே மாறினார்னு பார்க்கிறவனுக்குத் தெரியணும்.

"சீட்டு கிடைக்காட்டி நீயா மக்கா சோறு போடுவ?" இது சித்தி. நியாயமான கேள்வி. பிழைப்பை நான் கேவலமாச் சொல்லல. 1966-ல பணிக்கரும் கூட இருந்தவங்களும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினப்போ, பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செஞ்சு வித்துதான் சாப்பிட்டாங்க. ஆனா விக்கிறது எது, தன்னோட ஓவியம் எதுங்கிறதுல குழம்பிக்கல. கலாம் படத்தை ஆர்டர் வந்தா வரைஞ்சு காசு வாங்கட்டும், தப்பே இல்ல. அதை வச்சு சீட்டு வாங்கினா ரெண்டு வருஷமும் அந்த ஆளாவே நடிக்கணும். அதான் எனக்கு பயம்.

கடைசியில கலாமும் ரஜினியும் வெளியே போனாங்க. கை பழகினதைக் காட்ட மனித உருவ ஸ்டடி ரெண்டு. மீதியில பெரும்பாலும் கல்லுப்பொடி. நோட்டுப் பக்கங்களையும் விரிச்ச மேனிக்கே படம் எடுத்தோம். ஃபிளாஷ் இல்லாம, காலையில திண்ணை நிழல்ல. ஒவ்வொண்ணுக்குக் கீழேயும் அளவு, வருஷம், 'கருங்கல் பொடி, பசை, தாள்'.

எழுத்து வேலைதான் கஷ்டம். நெட்ல பார்த்து ஐடென்டிட்டி, மெமரி, ஸ்பேஸ்னு முதல்லேயே இங்கிலீஷ்ல அளந்து வச்சிருந்தான். "உங்கப்பாகிட்ட சொல்ற மாதிரி தமிழ்ல எழுதுடே, அப்புறம் மாத்திக்கலாம்"னேன். ராத்திரி பூரா உக்காந்து எழுதினான். முதல் வரி இது: 'எங்க அப்பா சாமிக்குக் கண் திறக்கும்வரை அது எங்க வீட்டுக் கல்.' மத்ததை நான் தொடவே இல்ல.

மறுநாள் சித்தப்பா அந்தப் படங்களை முதல் முறையாப் பார்த்தார். ஒவ்வொண்ணா நிதானமாப் புரட்டினார். "வலது கையில உளியைக் குடுத்திருக்கியேடே, அதுல சுத்தியல்லா இருக்கணும்"னு மட்டும் சொல்லிட்டு பட்டறைக்குப் போயிட்டார். தம்பி அன்னிக்கே பட்டறையில உக்காந்து அந்தக் கையை மறுபடி வரைஞ்சான். தப்பையும் திருத்தினதையும் ஒரே பக்கத்துல வச்சோம். அந்தப் பதினஞ்சுல எனக்குப் பிடிச்ச பக்கம் அதான்.

முடிவு இன்னும் வரல. கிடைக்கலேன்னா சித்தி என்னை வீட்டுப் படி ஏத்த மாட்டாங்க. ஓவியம் படிச்ச மக்கள் யாராச்சும் இருந்தா, நான் சொன்னது சரியா தப்பான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டுறதா இருந்தாலும் சரி.

டிஸ்கி: எனக்கு நேர்கோடு போடவே ஸ்கேல் வேணும். அதனால இதை ஒரு பார்வையாளன் கருத்தா மட்டும் எடுத்துக்குங்க.